ஆர்க்டிக் பகுதியின் பூர்வகுடிகளான இனூயிட் மக்களின் ஓவியர்களில் யாரை முதலில் பார்க்கச் சொல்வீர்கள்?

என் பதில் ஆனி பூட்டூகூக். பலரும் கெனோஜுவாக் அஷேவாக்கின் ஆந்தையைத்தான் சொல்வார்கள். 1970இல் கனடாவின் தபால்தலையில் இடம்பிடித்த ஆந்தை அது; அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அதைப் பார்த்து ஆர்க்டிக்கில் குடும்பம் நடத்துவது எப்படி என்று ஊகிக்க முடியாது. ஆனியின் படங்களில் அது தெரிந்துவிடும்.

கனடாவின் பாஃபின் தீவை ஒட்டிய கேப் டார்செட்டில் (இன்று கின்கைட்) 1969இல் பிறந்தவர். பாட்டி பிட்ஸியோலாக் அஷூனா, அம்மா நபாச்சி பூட்டூகூக் இருவருமே பெயர்பெற்ற ஓவியர்கள். அந்த ஊரில் ஓவியம் ஒரு பிழைப்பு. வரைந்து கொண்டுபோனால் கூட்டுறவுச் சங்கம் விலைக்கு வாங்கிக்கொள்ளும். தேர்ந்தெடுத்த சிலவற்றைக் கைதேர்ந்தவர்கள் கல்லில் செதுக்கி அச்செடுப்பார்கள். 1997இல் ஆனியும் அங்கே வரையத் தொடங்கினார்.

கருவி கலர் பென்சிலும் பேனாவும். விஷயம், வீட்டுக்குள் நடப்பது. தரையில் அட்டையை விரித்து, சீல் என்ற கடல்விலங்கின் இறைச்சியைப் போட்டு, சுற்றி உட்கார்ந்து வெட்டிச் சாப்பிடுகிறார்கள். சுவரில் கடிகாரம், படத்துக்குப் படம் அந்தக் கடிகாரம் வந்துவிடும். இன்னொன்றில் டி.வி.யில் அமெரிக்கப் பேச்சு நிகழ்ச்சிக்காரர் டாக்டர் ஃபில்! ஆண் ஒருவன் தன் துணையை அடிப்பதையும், மது பாட்டில்கள் உடைபடுவதையும் இதே பிசிறில்லாத கோட்டில்தான் வரைந்தார். சிறுபிள்ளை வரைந்தது போலிருக்கிறது என்று ஒதுக்குகிறவர்கள் இந்தப் படங்களுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றதில்லை என்றே நினைக்கிறேன்.

மரபை விட்டுவிட்டார் என்ற குறையும் எனக்கு ஏற்புடையதில்லை. பாட்டி தான் வாழ்ந்த கூடார வாழ்க்கையை வரைந்தார். பேத்தி தன் காலத்துச் சமையலறையை வரைந்தார்.

2006இல் கனடாவின் சோபி கலை விருது, 50,000 டாலர். அதைப் பெற்ற முதல் இனூயிட் கலைஞர் அவர்தான். மறு வருடம் ஜெர்மனியில் டாக்குமெண்டா என்ற பெரிய சர்வதேசக் கலைக் கண்காட்சியில் இடம். அதன்பின் ஒட்டாவாவில் வறுமை. 2016 செப்டம்பரில், 47 வயதில், ரிடோ ஆற்றில் சடலமாகக் கிடைத்தார்.

இணையத்தில் தேடினால் இந்த மரணச் செய்திகளே முதலில் வந்து நிற்கும். அவற்றைத் தாண்டிப் போய், 2005இல் வரைந்த ‘கேப் டார்செட் ஃப்ரீசர்’ என்ற பெரிய படத்தைத் திறந்து பாருங்கள். கடையின் குளிர்பதனப் பெட்டிகளும் சாமான் வாங்க வந்தவர்களும்தான் மொத்தப் படமும். பிறகு பாட்டியின் படங்களுக்குப் போகலாம்.