மடக்குக் கத்தி: பித்தளையா, வெள்ளைப் பூணா?

(மடக்குக் கத்தி சேகரிக்கும் வாசகர்களின் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.)

கேள்வி: ஒரே மாதிரியான இரண்டு மடக்குக் கத்திகள் கண்ணில் பட்டிருக்கின்றன. இரண்டிலும் பிடி கருங்காலி. ஒன்றுக்கு இரு முனையிலும் பித்தளைப் பூண், மற்றதற்கு ஜெர்மன் சில்வர் பூண். ஒன்றைத்தான் வாங்க முடியும். சேகரிப்பவர்கள் எதை எடுப்பார்கள்?

பதில்: நான் ஜெர்மன் சில்வரைத்தான் எடுப்பேன். பித்தளை பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். என் இழுப்பறையில் அறுபது சொச்சம் மடக்குக் கத்திகள் கிடக்கின்றன; அவற்றில் பித்தளையே இல்லாதவை ஐந்தோ ஆறோதான். ஆனால் அந்தப் பித்தளை வெளியே தெரியாது. பிடியின் இருபக்கமும் உள்ளே ஒரு மெல்லிய தகடு ஓடும், அலகு மடிந்து படுக்கும் இடத்துக்குச் சுவர் மாதிரி. பழைய பாணிக் கத்திகளில் அந்த உள்தகடு பெரும்பாலும் பித்தளைதான். காரணம் இருக்கிறது. எஃகு அலகு ஆயிரம் தடவை உரசிப் போகும் இடம் அது. அங்கேயும் இரும்பை வைத்தால் ஈரம் இறங்கி இரண்டும் துருவேறி இறுகிக்கொள்ளும். பித்தளை துருப்பிடிக்காது, எஃகை வழுக்கவும் விடும். மென்மையானது என்பதால், பாகங்களைச் சேர்த்துப் பிடிக்கும் ஆணியைத் தட்டி விரிக்கவும் தோதானது.

வெளிப்பூண் விஷயம் வேறு. ஜெர்மன் சில்வருக்குப் பெயரில்தான் வெள்ளி. செம்பு, நிக்கல், துத்தநாகம் மூன்றின் கலவை அது. பித்தளையை விடக் கெட்டி, மெதுவாகத்தான் மங்கும். மங்கினாலும் லேசான மஞ்சள் ஓடிய சாம்பல் நிறம் வரும். எனக்கு அதுதான் அழகு. பித்தளைப் பூண் ஒரு மழைக்காலம் போனால் பழுப்பாகிவிடும், சாவிக்கொத்தோடு சட்டைப்பையில் போட்டால் கீறல் விழும். கையில் வாடையும் ஒட்டும். (அந்த வாடை உலோகத்தினுடையது இல்லை. தோலின் எண்ணெய்ப் பசை உலோகத்தோடு சேர்ந்து உண்டாவது.) நிக்கல் ஒத்துக்கொள்ளாத தோல் உள்ளவர்கள் மட்டும் இந்தப் பேச்சைக் கேட்க வேண்டாம், பித்தளைக்கே போகட்டும்.

பிடியின் நிறத்தையும் பார்க்க வேண்டும். தேன் நிற எலும்புப் பிடிக்குப் பித்தளைப் பூண் போட்டால் எல்லாம் ஒரே மஞ்சளாகக் குழம்பிப்போகும். பச்சை, சிவப்புச் சாயமேற்றிய எலும்புக்கு வெள்ளைப் பூண்தான் எடுப்பு. கருங்காலிக்குப் பித்தளையும் நன்றாகவே பொருந்தும், ஆனாலும் மேலே சொன்ன காரணங்களால் நான் வெள்ளையைத்தான் எடுப்பேன்.

இப்போது ஒரு சந்தேகம். நீங்கள் சொல்லும் கத்தி அமெரிக்காவின் பக் (Buck) நிறுவனத்தின் 110 என்ற மாதிரிதானா? அப்படியென்றால் மேலே சொன்ன எல்லாவற்றையும் மறந்துவிட்டுப் பித்தளையை எடுங்கள். 1964-ல் வந்த கத்தி அது. இரண்டு முனையிலும் தடித்த பித்தளை, நடுவில் மரம், முதுகில் பூட்டு, எடை 200 கிராமுக்குச் சற்று மேல். அந்தக் கனமும் அந்த மஞ்சளும்தான் அதன் முகம். வெள்ளைப் பூண் போட்டால் பக்கத்து வீட்டுக்காரரின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்த மாதிரி இருக்கும். ஜப்பானின் ஹிகோனோகாமியும் இதே கதைதான்: ஒரு தகட்டை மடித்து அதையே பிடியாக்கியிருப்பார்கள். கறுப்பு எஃகிலும் வரும், ஆனால் பித்தளையில் செய்ததைத்தான் நான் எடுப்பேன்.

கேள்வி: தோல் உறையில் வைத்திருந்த கத்தியின் ஆணித் தலைகளைச் சுற்றி மெழுகு மாதிரி பச்சையாக ஏதோ படிந்திருக்கிறது. பூஞ்சணமா?

பதில்: களிம்பு. தோலில் இருக்கும் அமிலமும் கொழுப்பும் பித்தளையிலுள்ள செம்போடு சேர்ந்து வருவது. மூங்கில் பல்குச்சியின் முனையை எண்ணெயில் நனைத்துச் சுரண்டுங்கள், வந்துவிடும். ஊசி, பிளேடு எதுவும் வேண்டாம். அப்புறம், உறை என்பது இடுப்பில் மாட்டிக்கொண்டு போவதற்கு. வீட்டுக்கு வந்ததும் கத்தி தனி, உறை தனி.

கேள்வி: விற்பதற்கு முன் பித்தளையை மெருகேற்றினால் மதிப்புக் கூடுமா?

பதில்: குறையும். என் சொந்த அனுபவம் ஒன்று சொல்கிறேன். இருபது வருடங்களுக்கு முன்னால் கேஸ் (Case) நிறுவனத்தின் கத்தி ஒன்று கிடைத்தது. அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் பிராட்ஃபோர்ட் நகரத்துக் கம்பெனி. அலகின் அடிப்பகுதியில் முத்திரை குத்துவார்கள். 1970-ல் அதோடு பத்துப் புள்ளிகளைச் சேர்த்து, பிறகு வருடத்துக்கு ஒன்றாகக் குறைத்துக்கொண்டே போனார்கள். புள்ளியை எண்ணினால் வயது தெரிந்துவிடும். நான் என்ன செய்தேன்? பளபளப்பாக இருக்கட்டும் என்று துணிச்சக்கரத்தில் பிடித்தேன். உள்தகட்டின் விளிம்பு தங்கம் மாதிரி மின்னியது. புள்ளிகளில் பாதி போய்விட்டது. இன்றைக்கும் அது ஏழா எட்டா என்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்றும் போனது. பூணில் இறக்கும் ஆணியைத் தட்டி விரித்துத் தேய்த்துவிட்டால், அது இருக்கும் இடமே தெரியாது. வருடக்கணக்கில் கை பட்டுப் பட்டு, தலைமுடி பருமனில் ஒரு வட்டம் மெல்ல எழும். வெளிச்சத்தில் சாய்த்தால்தான் கண்ணுக்குப் படும். தேர்ந்த சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது அந்த வட்டத்தைத்தான், யாராவது பிரித்துப் பூட்டியிருக்கிறார்களா என்று. சக்கரம் அதையும் அழித்துவிடும். மென்மையான துணி, ஒரு சொட்டு எண்ணெய், அவ்வளவுதான்.

கேள்வி: பெட்டியைத் திறந்தால் கற்பூர வாடையும் ஒரு நெடியும் வருகிறது. ஒரு கத்தியின் பிடி, ஆமை ஓடு மாதிரித் தெரிவது, லேசாக வெடித்திருக்கிறது. அதையொட்டி இருந்த மற்ற கத்திகளும் துருப்பிடித்திருக்கின்றன.

பதில்: அந்த ஆமை ஓட்டுக் கத்தியை இன்றைக்கே வெளியே எடுங்கள். அது செல்லுலாய்டு. கற்பூரம் சேர்த்துத்தான் அதைச் செய்வார்கள், முதல் வாடை அதனுடையது. மற்ற நெடி, பிடி அழுகத் தொடங்கியதன் அறிகுறி. அமில ஆவி கிளம்பும். அது தன் அலகை முதலில் தின்னும், பித்தளைத் தகட்டைப் பச்சையாக்கும், பிறகு பக்கத்தில் படுத்திருப்பவற்றுக்கும் போகும். காற்றை அடைத்த டப்பாவில் வைத்தால் ஆவி உள்ளேயே சுற்றி இன்னும் மோசம். காற்றோட்டமான இடத்தில், தனியாக, அடுப்புக்கும் விளக்குக்கும் தள்ளி வையுங்கள். சட்டென்று தீப்பிடிக்கும் பொருள். மற்ற கத்திகளைத் துடைத்து எண்ணெய் போட்டு, மாதம் ஒரு முறையாவது திறந்து பாருங்கள். இந்த அழுகலுக்கு மருந்து கிடையாது. அழகான பிடி என்பதால் என்னிடமும் மூன்று இருக்கின்றன, ஜன்னலோர அலமாரியில், ஒன்றோடு ஒன்று படாமல்.