கடலூர் பெண்கள் கால்பந்து என்றால் ஆட்டத்தைத் தவிர மற்றதையெல்லாம் எழுதுகிறார்களே, ரசிகர்கள் என்ன செய்யலாம்?

ஜெயித்தாலும் தோற்றாலும் கடலூர்ப் பிள்ளைகளைப் பற்றிய செய்தியில் சுனாமி வருகிறது, கூலி வேலை வருகிறது, ஓலை வீடு வருகிறது; யார் கோல் போட்டது, எந்த நிமிடத்தில், எதிரணி எது என்பது மட்டும் வருவதில்லை. இதுதான் நீங்கள் கேட்டிருக்கும் குறை. முழுக்க நியாயமான குறை. ஆனால் இதற்குக் காரணம் நிருபர்களின் அலட்சியம் மட்டும் என்று நினைத்தால் வழி கிடைக்காது. செய்தி எந்தப் பாதையில் அச்சுக்குப் போகிறது என்று பார்த்தால், ரசிகர்கள் கை வைக்கக்கூடிய இடங்கள் தெரியும்.

முதலில், எழுதாமல் விட்டது எவ்வளவு பெரியது என்று பாருங்கள். 2018 பிப்ரவரியில் கட்டாக்கில் மணிப்பூரை 2-1 என்று வென்று தமிழ்நாட்டுப் பெண்கள் அணி முதல்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. இந்தப் பட்டத்தை வேறு எவரையும்விட அதிக முறை எடுத்த மாநிலம் மணிப்பூர். அந்த அணியை இறுதியாட்டத்தில் சாய்த்த நம் அணியில் கடலூர் இந்துமதி கதிரேசன் இருந்தார். அதே பருவத்தில் கடலூர் இந்திரா காந்தி விளையாட்டு, கல்வி அகாடமி இந்தியப் பெண்கள் லீக்கில் ஆடியது. 2019-இல் மதுரை சேது எஃப்.சி. லூதியானாவில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என்று வென்று அந்த லீக்கையே எடுத்தது. 2023 ஜூனில் அமிர்தசரஸில் ஹரியானாவை 2-1 என்று வென்று தமிழ்நாடு மறுபடியும் தேசிய சாம்பியன். இந்த நான்கில் எத்தனை நம்மூர்க்காரர்களுக்குத் தெரியும்? 2004 சுனாமிக்குப் பிறகு பிள்ளைகள் பந்தாட வந்த கதை மட்டும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கதை பொய்யில்லை, பெருமைக்குரியதுதான். இருபது வருடமாக அதையே திருப்பி எழுதினால், பந்தை எப்படி ஆடுகிறார்கள் என்பதை யாருமே பார்க்காமல் போய்விடுகிறது.

இப்போது பாதைக்கு வருவோம். விளையாட்டுப் பக்கம் பெரும்பாலும் தலைமை அலுவலகத்தில் எல்லாப் பதிப்புக்கும் பொதுவாகத் தயாராகும். கிரிக்கெட்டும் ஏஜென்சி செய்தியும் அதை நிரப்பிவிடும். மஞ்சக்குப்பம் அண்ணா விளையாட்டரங்கில் நடக்கும் ஆட்டம் மாவட்டப் பக்கத்துக்குத்தான் போகும். அங்கே விபத்து, திருவிழா, ஆர்ப்பாட்டம் எல்லாவற்றோடும் அது இடத்துக்கு முட்டிமோத வேண்டும். மாவட்டப் பக்கம் மற்ற பக்கங்களுக்கு முன்னாலேயே முடிந்துவிடும். மாலை 4 மணிக்குத் தொடங்கும் இறுதியாட்டம் பெனால்டி வரை போனால் 6.30 ஆகிவிடும். அதன்பின் விருந்தினர் பேச்சு, பொன்னாடை, கோப்பை. எல்லாம் முடிந்து செய்தி கிளம்பும்போது பக்கத்தில் ஆறு வரிக்குத்தான் இடம் இருக்கும்.

மாவட்டத்தில் விளையாட்டுக்கென்று தனி நிருபர் வைத்திருக்கும் பத்திரிகை அரிது. ஊர்ச் செய்தியாளர்களில் பலர் பகுதி நேரக்காரர்கள். ஒரே ஆள் காவல் நிலையமும் பார்க்க வேண்டும், ஆட்சியர் அலுவலகமும் பார்க்க வேண்டும். திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் இருக்கும் நாளில் மைதானத்துக்கு ஆள் வருவார் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆட்டத்தைப் பார்க்காதவர் எதை வைத்து எழுதுவார்? போட்டி நடத்துபவர்கள் கொடுக்கும் செய்திக்குறிப்பை வைத்துத்தான். அதில் தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், வரவேற்றவர், நன்றி கூறியவர் என்று பத்துப் பெயர் இருக்கும். கடைசி வரியில் ‘முதல் பரிசு இந்த அணி, இரண்டாம் பரிசு அந்த அணி’. கோல் போட்ட பிள்ளையின் பெயர் குறிப்பிலேயே இல்லை என்றால் பத்திரிகையில் எங்கிருந்து வரும்? என் பார்வையில் கோளாறின் வேர் இங்கேதான் இருக்கிறது, நாம் சரிசெய்ய முடிந்ததும் இதைத்தான்.

தேசியப் போட்டியில் நடப்பது வேறு. செய்தி ஆங்கிலத்தில் வந்து, இரவில் அவசரமாகத் தமிழாகும். கால்பந்து சம்மேளனப் பதிவில் அப்பா பெயர் பின்னால் இருக்கும். ஆங்கிலச் செய்தியும் வர்ணனையும் பின்பெயரைத்தான் சொல்லும். ‘கதிரேசன் பாஸ் கொடுத்தார்’ என்றால் ஆடியது இந்துமதி என்று நமக்குத் தெரியும். மொழிபெயர்ப்பவருக்குத் தெரிய வேண்டிய கட்டாயமில்லை. கோல் மகளுடையது, பெயர் அப்பாவுடையது என்று அச்சாகிவிடும். மாநில அணியையும் கிளப்பையும் குழப்புவது இன்னொன்று. தேசிய சாம்பியன்ஷிப்பில் ஆடுவது மாநிலங்கள், லீக்கில் ஆடுவது கிளப்புகள். ‘தமிழக அணி லீக் பட்டம் வென்றது’ என்று எழுதினால் அது தவறு.

சரி, செய்ய வேண்டியது என்ன? ஆட்டக் குறிப்பு எடுக்க இரண்டு பேர் போதும். ஒருவர் கண்ணை எடுக்காமல் ஆட்டத்தைப் பார்க்க, மற்றவர் எழுத வேண்டும். ஒரே ஆள் இரண்டையும் செய்தால் குனிந்து எழுதும்போது கோல் விழுந்துவிடும். ஆட்டம் தொடங்குவதற்கு 15 நிமிடம் முன்பே நடுவர் மேசைக்குப் போய், மேனேஜரின் அனுமதியோடு இரு அணிகளின் டீம் லிஸ்ட்டைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்சி எண்ணும் பெயரும் அதில் இருக்கும். பெயரைத் தமிழில் எப்படி எழுதுவது என்று பயிற்சியாளரிடமே கேட்டு அங்கேயே குறித்துவிடுங்கள். தர்ஷினியா தர்சினியா, நந்தினியா நந்தனியா என்று வீட்டுக்கு வந்து யோசித்துப் பயனில்லை. மாற்று ஆட்டக்காரர்களின் எண்களையும் சேர்த்து எடுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில் கோல் போடுவது பல சமயம் அவர்கள்தான்.

விசில் அடித்ததும் ஸ்டாப் வாட்ச்சை ஓடவிடுங்கள், அடிபட்டு ஆட்டம் நின்றாலும் நிறுத்தாதீர்கள். 16 நிமிடம் 20 விநாடியில் கோல் விழுந்தால் அது 17-ஆவது நிமிடம். 90 நிமிட ஆட்டத்தில் முதல் பாதியின் 45 நிமிடம் முடிந்தபின் நடுவர் சேர்த்துக் கொடுக்கும் நேரத்தில் விழுந்தால் 45+2 என்று எழுத வேண்டும், 47 என்று எழுதினால் இரண்டாம் பாதியில் விழுந்ததாகிவிடும். உள்ளூர்ப் போட்டிகளில் பாதிக்கு 30, 35 நிமிடம் வைப்பதும் உண்டு; அப்படியானால் அதையும் ஒரு சொல்லில் குறிப்பிடுங்கள். கோல் பக்கம் சரியாகப் போன அடி தடுப்பாட்டக்காரர் காலில் பட்டுத் திசைமாறி உள்ளே போனால் கோல் அடித்தவருக்குத்தான். வெளியே போக இருந்த பந்தைத் தடுப்பவரே உள்ளே தள்ளினால்தான் சேம்சைடு. 1-1 என்று முடிந்து பெனால்டி ஷூட் அவுட்டில் 4-3 என்றால், ‘4-3 கோல் கணக்கில் வென்றது’ என்று எழுதவே கூடாது. ஷூட் அவுட் கோல்கள் ஆட்டக் கணக்கில் சேராது. அடித்தவர்களின் கோல் எண்ணிக்கையிலும் சேராது. நாளிதழ்களில் அடிக்கடி கண்ணில் படும் பிழை இது.

குறிப்பை எப்படி அமைப்பது என்பதற்கு எல்லோருக்கும் நினைவிருக்கும் ஓர் ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம், 2015 டிசம்பரில் நடந்த ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இறுதியாட்டம்:

‘கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் நடந்த இறுதியாட்டத்தில் சென்னையின் எஃப்.சி. 3-2 என்ற கோல் கணக்கில் எஃப்.சி. கோவாவை வென்று பட்டம் வென்றது. 54-ஆவது நிமிடத்தில் பெலிசாரி சென்னைக்கு முதல் கோல் போட்டார். ஹாவோகிப் (58), ஜோஃப்ரே (87) கோல்களால் கோவா முந்தியது. 90-ஆவது நிமிடத்தில் கோவா கோல்கீப்பர் கட்டிமணியின் சேம்சைடு கோலால் ஆட்டம் சமனாக, 90+2-இல் மெண்டோசா வெற்றி கோல் அடித்தார்.’

நாலே வரி. முடிவு முதல் வரியில் இருக்கிறது, கோல்கள் விழுந்த வரிசையிலேயே வருகின்றன, ஆட்டம் எங்கே திரும்பியது என்று படிப்பவருக்கே புரிகிறது. மாவட்ட ஆட்டத்துக்கும் இதே அளவு போதும். இதோடு ஒரே ஒரு கோலை மட்டும் எப்படி விழுந்தது என்று விவரியுங்கள்: இடது ஓரத்தில் இருந்து வந்த கிராஸா, கார்னரில் ஹெட்டரா, கோல்கீப்பர் தட்டிவிட்ட பந்தை மறுபடி அடித்ததா. விருந்தினர் பெயர்கள் கடைசி வரியில் வரட்டும். அவர்களை நீக்கச் சொல்லவில்லை. இடம் பற்றாமல் பக்கம் முடிப்பவர் கீழிருந்து வெட்டும்போது எது முதலில் போக வேண்டும் என்பதுதான் விஷயம். ‘சிங்கப்பெண்கள்’, ‘கோல் மழை’, ‘சாதனை மங்கைகள்’ எல்லாம் வேண்டாம். அந்தச் சொற்கள் இருக்கும் இடத்தில் ஒரு பெயரும் ஒரு நிமிடமும் இருந்திருக்கலாம்.

அனுப்பும் நேரம் எழுத்தைவிட முக்கியம். இறுதி விசில் அடித்த 15 நிமிடத்துக்குள் போய்விட வேண்டும், பரிசளிப்புக்குக் காத்திருக்கக் கூடாது. கோப்பைப் படத்தைப் பிறகு அனுப்பலாம். செய்தியை வாட்ஸ்அப்பில் யூனிகோடு எழுத்தாகவே போடுங்கள். படமாக எடுத்து அனுப்பினால் அவர்கள் திரும்பத் தட்டச்சு செய்ய வேண்டும், பிழை அங்கேதான் நுழையும். போட்டோவை டாக்குமெண்டாக அனுப்புங்கள், சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்து அச்சில் மங்கும். வரிசையாக நிற்கும் குழுப்படம் ஒன்று, ஆட்டப்படம் ஒன்று. ஆட்டப்படத்துக்கு கோல் கம்பத்துக்குப் பின்னால், கார்னர் கொடிப் பக்கமாக நில்லுங்கள். ஆடுபவர் முகம் உங்களை நோக்கி வரும். மாலை வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும் முனையைத் தேர்ந்தெடுங்கள். படத்தில் இருப்பவர் பெயர், எண், எந்த அணி என்று இடமிருந்து வலமாக எழுதாத படம் பயன்படாது.

18 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். பெயரும் படமும் அனுப்பப் பெற்றோர் அல்லது பொறுப்பாளர் சம்மதம் வாங்குங்கள். வீட்டு முகவரி, போன் எண் எதுவும் வேண்டாம். காப்பகத்தில் வளரும் பிள்ளை என்றால் அந்த விவரமே வேண்டாம். 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு, பாதுகாப்பு தேவைப்படும் குழந்தையின் அடையாளம் விசாரணை தொடர்பான செய்திகளில் வெளிவருவதைத் தடுக்கிறது. விளையாட்டுச் செய்தி விசாரணைச் செய்தி இல்லைதான். ஆனாலும் 14 வயதுப் பிள்ளை கோல் போட்ட மறுநாள் பள்ளிக்குப் போகும்போது, கையில் இருக்கும் பத்திரிகையில் அவள் கோல் இருக்க வேண்டும், அவள் குடும்பத்து இழப்பு இருக்கக் கூடாது. ஏழ்மை பற்றிக் கட்டுரை எழுத வரும் நிருபரிடம் இதை மரியாதையாக, நேராகவே சொல்லலாம்: ‘சார், அந்தப் பொண்ணு எந்த பொசிஷன்ல ஆடுறான்னு கேளுங்க, அதையும் எழுதுங்க.’

தவறாக வந்துவிட்டால் முகநூலில் திட்டுவது எந்தப் பலனும் தராது. அதே நாள் முற்பகலில் நிருபரை அழையுங்கள். இணையப் பதிப்பை உடனே திருத்த முடியும். அச்சுக்கு, ஆசிரியர் பெயருக்குக் கடிதம்: தேதி, பதிப்பு, பக்க எண், வந்த வரி, சரியான வரி, ஆதாரமாக டீம் லிஸ்ட் படம். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கோல் கணக்குப் பிழைக்கு இதற்கு மேல் போகத் தேவையில்லை. ஆட்டக்காரரின் உடலைப் பற்றியோ சாதியைப் பற்றியோ இழிவாக எழுதினாலும், சிறுமியின் அடையாளத்தைக் கெடுதலாக வெளியிட்டாலும் இந்தியப் பத்திரிகை மன்றத்துக்குப் போகலாம். முதலில் ஆசிரியருக்கு எழுதியிருக்க வேண்டும், அந்தக் கடிதத்தின் நகலையும் செய்தி நறுக்கையும் இணைக்க வேண்டும், நாளிதழ் என்றால் செய்தி வந்த இரண்டு மாதத்துக்குள் புகார் போய்ச் சேர வேண்டும். டிவி அந்த மன்றத்தின் வரம்பில் வராது.

புதுச்சேரி நண்பர்களுக்கு ஒரு சொல். கடலூரும் புதுச்சேரியும் பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரம்தான், பல நாளிதழ்களில் செய்தியும் ஒரே பதிப்பில் வருகிறது. கால்பந்தில் அப்படி இல்லை. புதுச்சேரிக்குத் தனிச் சங்கம், மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபியில் தனி அணி. காரைக்கால், மாஹே, ஏனாம் எல்லாம் அதில் அடங்கும். மாஹே ஆட்டக்காரரைக் கேரளக்காரர் என்று எழுதிவிடக் கூடாது. கடலூர் பிள்ளை தமிழ்நாட்டுக் கணக்கில்தான் வருவாள். உப்பளம் மைதானத்தில் ஆடிய கடலூர் அணியைப் ‘புதுச்சேரி மகளிர்’ என்று போட்டுவிட்டால் இரண்டு ஊர்க்காரர்களும் வருத்தப்படுவார்கள். குறிப்பின் முதல் வரியிலேயே அணியின் ஊரையும் மைதானத்தின் ஊரையும் தனித்தனியாக எழுதிவிடுங்கள்.

ஆட்டம் முடிந்த பிறகு எழுதுவதைவிட ஆட்டத்துக்கு முன் எழுதுவது இடம் பிடிக்க எளிது. ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பத்தியில் இரண்டு வரி எப்போதும் கிடைக்கும். ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்பே அனுப்புங்கள்: எந்த அணிகள், எந்த மைதானம், எத்தனை மணி, அனுமதி இலவசமா. முந்தின ஆட்டத்தில் கோல் போட்ட பிள்ளையின் பெயரையும் ஜெர்சி எண்ணையும் அதிலேயே சேர்த்துவிடுங்கள். மைதானத்துக்கு வருபவர் அந்த எண்ணைத் தேடிப் பார்ப்பார்.