இரண்டாம் பாகத்தில் பேய் ஏன் பயமுறுத்தவில்லை?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் வசிக்கிறேன். கன்டோன்மென்ட் பக்கம் ஒரு பழைய வீட்டில் நடக்கும் பேய் நாவலை எழுதி மின்னூலாக வெளியிட்டேன், நன்றாகவே போனது. மூன்று பாகத் தொடராக்க நினைத்து இரண்டாம் பாகமும் முடித்துவிட்டேன். படித்துப் பார்த்த நண்பர்கள், ‘பேய் ஜாஸ்தி, பயம் கம்மி’ என்கிறார்கள். முதல் பாகத்தில் ஒரு பேய், இதில் ஏழு. எங்கே கோளாறு?

பதில்: அந்த ஏழில்தான். முதல் பாகத்தை விடப் பெரிதாக ஏதாவது தர வேண்டும் என்ற பதற்றத்தில் தொடர் எழுதுகிறவர்கள் பேயின் எண்ணிக்கையைக் கூட்டுவார்கள், அல்லது பலத்தைக் கூட்டுவார்கள். இரண்டுமே பயத்தைக் குறைக்கும்.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் பிறக்கும் இடங்களாக நான்கைச் சொல்கிறது: அணங்கு (வருத்தும் தெய்வமோ பேயோ), விலங்கு, கள்வர், தம் இறை (அரசன்). அமானுஷ்ய நாவலுக்கு உரியது முதலாவது. புலி எதற்கு வருகிறது என்று நமக்குத் தெரியும், ஓடினால் தப்பலாம். அணங்கு எதற்கு வந்தது, எதைக் கொடுத்தால் போகும் என்பதே தெரியாது. முதல் பாகத்தில் உங்கள் பேய் அணங்காக இருந்திருக்கும். இரண்டாம் பாகத்தில் ஏழும் சேர்ந்து துரத்துகின்றன, கதவை உடைக்கின்றன, கழுத்தை நெரிக்கின்றன. அதாவது விலங்காகிவிட்டன. வாசகர் இப்போது ஒரு துரத்தல் காட்சியைப் படிக்கிறார். அதில் விறுவிறுப்பு உண்டு, நடுக்கம் கிடையாது.

தொடராக வரும் பேய்க்கதையை வாசகர் ஏன் தேடி வருகிறார் என்பதற்கு உங்கள் ஊரிலேயே நல்ல விடை இருக்கிறது. 1990களில் பெங்களூரில் பரவிய ‘நாளே பா’ கதையை அல்சூரில் கேட்காதவர் குறைவு. ராத்திரியில் ஒருத்தி வந்து கதவைத் தட்டுவாள், வீட்டு மனிதர்களின் குரலிலேயே கூப்பிடுவாள், திறந்தவருக்குச் சாவு. கதவில் ‘நாளைக்கு வா’ என்று கன்னடத்தில் எழுதி வைத்தால் படித்துவிட்டுப் போய்விடுவாள், மறுநாள் மறுபடி வருவாள். அவள் எப்படி இருப்பாள் என்று கதை சொல்வதே இல்லை. அவளால் என்ன முடியும், எது முடியாது, தப்பிக்க நாம் என்ன செய்ய வேண்டும், இந்த மூன்றுதான் கதை. தப்பித்தாலும் தொல்லை தீர்வதில்லை, ஒரு நாள் தள்ளிப்போகிறது, அவ்வளவே. தொடரை ஓட்டுகிற எஞ்சின் இதுதான். வாசகர் பேயைப் பார்க்க வருவதில்லை. விதி தெரிந்த ஒரு ஆட்டத்தில் இன்றைக்கு யார் தவறப்போகிறார்கள் என்று பார்க்க வருகிறார்.

வேதாளம் கதையிலும் இதே அமைப்புதான். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும், வாயைத் திறந்தால் வேதாளம் மரத்துக்குத் திரும்பிவிடும். இரண்டே விதிகள், அதே வேதாளம், அதே மரம். ஒவ்வொரு கதையும் தனியாக முடிகிறது, ராஜாவின் வேலை மட்டும் முடிவதில்லை. உங்கள் பாகங்களும் அப்படி முடியட்டும்: அந்தந்தப் பாகத்தின் மர்மம் முழுதாகத் தீர வேண்டும், ஒரு மனிதரின் சிக்கல் மட்டும் மிச்சமிருக்க வேண்டும். மர்மத்தையே பாதியில் அறுத்துவிட்டு ‘தொடரும்’ போட்டால் கோபம்தான் வரும். அடுத்த பாகத்தைக் காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தால் கோபம் இரட்டிப்பு.

ஆகவே முதலில் பேயின் விதிகளை ஒரே பக்கத்தில் எழுதுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அது எந்த அத்தியாயத்தில் வாசகருக்குத் தெரிகிறது, மீறுகிறவருக்கு என்ன நேர்கிறது என்று குறியுங்கள். முதல் பாகத்தில் மூன்று விதிகள் வெளிப்படையாகத் தெரிந்தால் போதும். மற்ற இரண்டும் செயலில் மட்டும் தெரியட்டும், விளக்கம் பின்னால் வரலாம். இரண்டாம் பாகத்தில் பெரும்பாலோர் செய்யும் தப்பு, முதல் பாகத்தில் காப்பாற்றிய விதியை உடைப்பது. ‘எலுமிச்சம்பழத்துக்கு இந்தப் பேய் கட்டுப்படாது’ என்று ஒருமுறை எழுதிவிட்டால், எழுதுகிறவர் நினைத்தால் எதுவும் நடக்கும் என்று வாசகருக்குப் புரிந்துவிடும். அதன்பின் அவர் எதற்கும் பதற மாட்டார். விதியை உடைக்காதீர்கள், அதன் விலையை ஏற்றுங்கள். எழுதி வைத்தால் போய்விடும் பேய் இப்போதும் போகட்டும். ஆனால் வாசலில் நிற்பது உண்மையிலேயே மகளாக இருந்து, பேய் என்று நினைத்துத் திறக்காமல் விட்டால்?

பயத்தின் அளவுக்கு வருவோம். டென்மார்க்கில் ஒரு பேய் வீட்டுக் கேளிக்கை அரங்கில் 110 பேரிடம் இதயத் துடிப்பை அளந்து நடத்தி, 2020இல் வெளியான ஆய்வில், பயம் ரொம்பக் குறைந்தாலும் ரொம்பக் கூடினாலும் ரசனை குறைந்தது. நடுவில்தான் உச்சம். நாவலுக்கு அதை அப்படியே பொருத்த முடியாதுதான், ஆனாலும் எடிட்டிங் மேஜையில் தெரிவதும் இதுவே. 30 அத்தியாயங்கள் என்றால் பேய் முழுதாகக் கண்ணில் படுவது மூன்று இடங்களுக்கு மேல் வேண்டாம், முதல் தடவை 12ஆம் அத்தியாயத்துக்கு முன் வேண்டவே வேண்டாம். அதுவரை சத்தம், வாடை, இடம் மாறியிருக்கும் பொருள் போதும். ஒரு பெரிய காட்சிக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு அத்தியாயமாவது அமைதி வேண்டும். அமைதி என்றால் வெறும் வர்ணனை இல்லை. கேஸ் சிலிண்டர் புக் பண்ணுவது, வாடகைச் சண்டை, பாட்டியின் மாத்திரை என்று குடும்பம் நடக்க வேண்டும். தொடர் வாசகருக்குப் பேயை விட அந்தக் குடும்பம்தான் சொந்தம். அவர்களுக்கு ஒன்று ஆகிவிடுமோ என்பதுதான் பயம். ‘கடைசியில் பூனை’ என்ற ஏமாற்று, ஒரு பாகத்துக்கு ஒன்றுதான் தாங்கும்.

பேயின் பூர்வகதையை ஒரு பூசாரியோ மந்திரவாதியோ ஒரே அத்தியாயத்தில் கொட்டித் தீர்ப்பது அடுத்த பள்ளம். மூன்று பேர் வாயில், ஒன்றுக்கொன்று முரணாக வரட்டும். அதில் ஒன்று காகிதமாக இருந்தால் விசேஷம். வீடு வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்றை வழக்கமாக 30 ஆண்டுக்குத்தான் எடுக்கிறார்கள். அதற்கு முந்தைய சங்கதி அதில் வராது. காத்தா (மாநகராட்சியின் சொத்துப் பதிவு) சுத்தம், பத்திரம் சுத்தம், பேய் மட்டும் அந்த 30 ஆண்டுக்கு அந்தப் பக்கம்.

எண்ணிக்கையைக் கூட்டுவதற்குப் பதில் காலத்தில் கீழே இறங்குங்கள். கன்டோன்மென்ட் வந்தது 1809இல். 1898இல் பிளேக் வந்தபோது நோயாளிகளையும் கூட இருந்தவர்களையும் வீட்டிலிருந்து முகாம்களுக்கு அப்புறப்படுத்தினார்கள். மல்லேஸ்வரமும் பசவனகுடியும் அதை ஒட்டி எழுந்த விரிவாக்கங்கள். மெஜஸ்டிக் பேருந்து நிலையம் தர்மாம்புதி ஏரியிலும், கண்டீரவா ஸ்டேடியம் சம்பங்கி ஏரியிலும் நிற்கின்றன. முதல் பாகம் வீட்டைப் பற்றியது என்றால், இரண்டாவது அந்த வீட்டிலிருந்து யாரைத் தூக்கிப் போனார்கள் என்பதாகவும், மூன்றாவது அவர்கள் போய்ச் சேர்ந்த நிலத்துக்கு அடியில் என்ன இருந்தது என்பதாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் ஒரே பேய் போதும்.

செல்போன் தொல்லையும் உங்களுக்கு இருக்கும். ‘சிக்னல் இல்லை’ என்பதை ஒருமுறைக்கு மேல் நம்ப மாட்டார்கள், அதுவும் பெங்களூரில். போன் நன்றாக வேலை செய்யட்டும். அபார்ட்மென்ட் செயலியில் ‘உங்கள் அம்மா வாசலில் இருக்கிறார், அனுமதிக்கலாமா?’ என்று காவலாளி அனுப்பும் செய்தி, அம்மா சமையலறையில் நிற்கும்போது வந்தால் பழைய கதவு தட்டலுக்கு அது சற்றும் குறைந்ததில்லை.

முதல் பாகத்தைச் சுருக்கிச் சொல்லும் முன்கதையையும் தொடக்கத்திலேயே இரண்டு பக்கம் வைக்காதீர்கள். 150 சொற்களுக்குள், முதல் மூன்று அத்தியாயங்களில் பேச்சோடு பேச்சாகத் தூவிவிடுங்கள்.

ஆறு பேய்களை எடுத்தால் பிரதி சுருங்கும், கவலை வேண்டாம். இந்த வகைக்கு 40,000 முதல் 45,000 சொற்கள் தாராளம். திருத்திய பிரதியை முதல் பாகம் படித்த ஒருவருக்கும் படிக்காத ஒருவருக்கும் கொடுங்கள். ‘பயமாக இருந்ததா?’ என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். பேயின் விதிகளைப் புத்தகத்தைப் பார்க்காமல் எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்று விதிகளையாவது எழுதினால் பிரதி தயார். இரண்டோடு நின்றால், எழுதாமல் விட்ட விதி முதலில் தெரியவரும் அத்தியாயத்தைத் திரும்ப எழுதுங்கள். ஏழெட்டு எழுதினால் நீங்கள் அறியாமலே புது விதிகள் நுழைந்திருக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்துவிட்டு வெளியிடுங்கள்.