கார்பன் தகடு வச்ச சப்பாத்தோட ஓடுறது நியாயமா? தடை பண்ணணுமா?

நீங்க கேக்கிறதப் பார்த்தா வீட்ல ஓடுற பிள்ளை ஒண்ணு இருக்கு, பக்கத்து ஸ்கூல் பொடியன் அந்தத் தடிச்ச சப்பாத்தோட வந்து முந்திட்டுப் போயிட்டான்னு நினைக்கிறேன். அப்படின்னு வச்சுக்கிட்டே சொல்றேன். தெரியாதவங்களுக்கு, இது அடிப்பாகத்துல தடிப்பா மெத்து மெத்துன்னு போமும் அதுக்குள்ள விறைப்பான கார்பன் தகடும் வச்ச, வேகமா ஓட உதவுற சப்பாத்து.

தடை வேணாம். ஆனா இப்ப இருக்கிற சட்டம் ஓடுறவனுக்கு நியாயம் செய்யப் போட்டதுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன், அது கம்பெனிக்கும் கம்பெனிக்கும் நடுவுல பேசி முடிச்ச பஞ்சாயத்து. 2020 ஜனவரியில உலகத்து ஓட்டப் போட்டிக்கெல்லாம் விதி போடுற வேர்ல்ட் அத்லெடிக்ஸ் என்ன சொன்னாங்க, ரோட் ரேஸ்ல அடிப்பாகம் 40 மில்லிமீட்டர் தாண்டக்கூடாது, உள்ள ஒரு தகடுதான் இருக்கலாம். மைதானத்து ஓட்டப் பாதையில 2024 நவம்பர்ல இருந்து 20 மில்லிமீட்டர். மீறினா சும்மா விடுறதில்ல, 2021 வியன்னா மரதன்ல முதலாவதா வந்த தெராரா ஹுரிசாவோட சப்பாத்து 50 மில்லிமீட்டர்னு வெற்றியையே பறிச்சாங்க. அதெல்லாம் சரி. கடையில யாரும் வாங்கக்கூடியதா இருக்கணும்னும் அதே 2020ல ஒரு விதி போட்டாங்க பாருங்க, அங்கதான் எனக்கு சிரிப்பு வருது. 2023ல பெர்லின் மரதன்ல எத்தியோப்பியாவோட டிகிஸ்ட் அசெஃபா 2:11:53ல ஓடி அப்ப பெண்கள் உலக சாதனை வச்ச அடிடாஸ் சப்பாத்து 500 டொலருக்கு வித்தது. நம்ம இலங்கை சல்லிக்கு ஒன்றரை லட்சத்துக்கு மேல. 2024ல தேயிலைத் தோட்டச் சம்பளத்தைக் கூட்டினப்பவே நாளைக்கு 1,350 ரூபாதான் வந்துச்சு, அதுவும் பறிச்ச கொழுந்து கிலோ குறைஞ்சா அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம்தான். யாரும் வாங்கலாமாம்!

எங்க அக்கா மகன் மஸ்கெலியா பக்கம் தோட்டத்துலதான் இருக்கான், அந்தி நேரத்துல நான்தான் ஓட வைக்கிறேன். மேட்டு ரோட்டுல மூச்சுக்கு அவனை அடிக்க ஆள் இல்ல. கண்டியில ஒரு 10 கிலோமீட்டர் ரேஸுக்கு கூட்டிட்டுப் போனேன், முன்னால போனதுல முக்காவாசி அந்த சப்பாத்துதான், டார் ரோட்டுல டப்பு டப்புன்னு ஒரு சத்தம் வரும், தூரத்துலயே தெரியும். இவன் போட்டிருந்தது கட்டைவிரல் பக்கம் நான் நைலோன் நூல் போட்டுத் தச்ச சாதா சப்பாத்து. பரிசு கைக்கு எட்டாம போச்சு. அதுல இருந்து மாமா மாமான்னு ஒரே நச்சரிப்பு. கடைசியில டுபாயில இருந்து வந்த ஒரு கூட்டாளிகிட்ட பழசு ஒரு ஜோடி கிடைச்சுது. போம் செத்துப் போயிருந்துச்சு, பக்கவாட்டுல சுருக்கம் சுருக்கமா கோடு, விரலால அமுக்கினா அப்படியே பள்ளமா நிக்குது. அந்த சாமானோட ஜீவனே போம்தான், தகட்டை வெட்டிட்டு சோதிச்ச ஆய்வுலயும் பெருசா வித்தியாசம் வரல. அதைப் போட்டுக்கிட்டு கல்லு பேந்த தோட்டத்து ரோட்டுல இறங்கினான், ஒவ்வொரு வளைவுக்கும் கணுக்கால் ஒரு பக்கமா சாயுது, பாதி இறக்கத்துல "மாமா இது ஆடுது"ன்னு கழட்டி கையில எடுத்துக்கிட்டான்.

இப்ப கமெண்ட்ல வருவீங்க, எத்தியோப்பியாவோட அபெபே பிகிலா 1960ல ரோம் ஒலிம்பிக் மரதன்ல வெறுங்காலோட ஓடி ஜெயிச்சாரே, திறமை இருந்தா சப்பாத்து எதுக்குன்னு. வெறுங்காலோட ஓடச் சொல்ற ஆளுங்க தங்கட பிள்ளைய அப்படி அனுப்புறதில்ல. கென்யாவோட கிப்சோகே சப்பாத்தாலதான் மரதன் தூரத்தை 1:59:40ல ஓடினார்னும் நான் சொல்ல வரல. 2017ல நைக்கி இந்த மாதிரி சப்பாத்துக்குச் சொன்ன அந்த 4 வீதம் உடம்பு செலவழிக்கிற சக்தியில மிச்சம், நேரத்துல அவ்வளவு குறையாது, ஆளுக்கு ஆள் வேற மாதிரியும் இருக்கும். ஆனா ரெண்டு செக்கன்ல மெடல் மாறுற இடத்துல அது சின்ன விசயமா?

நான் கேக்கிறது ஒண்ணுதான், பெரிய ஆளுங்க என்னத்தையாவது போட்டு ஓடட்டும், ஸ்கூல் மீட்ல தகடு வச்சது வேணாம். யார் செக் பண்றதுன்னு கேக்காதீங்க, நம்பர் குத்தின இடம் சரியான்னு பார்க்கிறவங்களுக்கு குனிஞ்சு காலைப் பார்க்க முடியாதா?

உங்க பிள்ளைக்கு வாங்கத்தான் போறீங்கன்னா பழசு மட்டும் வாங்காதீங்க. ரேஸ் அன்னைக்கும் அதுக்கு முன்னால கொஞ்சம் பழக்கத்துக்கும் போதும், டெய்லி போட்டா சீக்கிரம் செத்துடும். அதுவும் நல்ல டார் ரோட்டுல மட்டும்.