நட்டால் மட்டும் போதுமா?

கேள்வி: ஸ்வீடனில் மரம் வெட்டினால் மறுபடியும் காடு வளர்த்தே ஆக வேண்டும் என்று சட்டமே இருக்கிறதாம். பிறகு ஏன் அங்கே காட்டுக்காகச் சண்டை?

பதில்: சட்டம் 1903 முதலே இருக்கிறது. 1993-ல் மர உற்பத்தியும் சுற்றுச்சூழலும் சமம் என்றும் எழுதிவைத்தார்கள். எழுதுவது சுலபம்! ஒரே நிலத்திடம் பலகை, காகிதக்கூழ், காற்றின் கார்பனைச் சேமித்துவைப்பது, பறவை, பூஞ்சை எல்லாம் கேட்டால் அது எதைத்தான் தரும்?

வடக்கே 'சாமி' என்ற பழங்குடியினரின் பனிமான்களையே எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் குளம்பால் பனியைக் கிளறி, தரையில் படர்ந்த லைக்கனை (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிர்) தின்று பிழைப்பவை அவை. லைக்கன் ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர்தான் வளரும். கன்று நடுவதற்காக இயந்திரம் மண்ணைக் கீறும்போது அது பிய்ந்துபோகிறது. நெருக்கி நட்ட இளங்காட்டின் நிழலில் மீண்டும் தழைப்பதும் இல்லை. பனியின் மேல் மழை பெய்து உறைந்துவிட்டால் குளம்பும் உதவாது. முதிய மரக்கிளைகளில் தாடிபோலத் தொங்கும் லைக்கன்தான் கதி. அந்த மரங்கள்தான் ரம்பத்துக்கும் வேண்டியிருக்கிறது!

போதாததற்கு, 1970-களிலிருந்து வட அமெரிக்க லாட்ஜ்போல் பைன் என்ற ஊசியிலை மரத்தையும் நட்டார்கள். உள்நாட்டுப் பைனைவிட வேகமாக வளரும், கார்பன் சேமிப்புக் கணக்கில் லாபம். ஆனால் அந்த அடர்ந்த தோப்புக்குள் மந்தையை ஓட்டுவது மேய்ப்பவர்களுக்குப் பெரும்பாடு.

என்னைக் கேட்டால், முதிய காட்டில் கைவைக்காமல், நட்ட காட்டிலேயே மரத்தேவையை முடித்துக்கொள்ளட்டும் என்பேன். ஆலைக்காரர்கள் ஒப்ப மாட்டார்கள். அங்கே ஏறத்தாழப் பாதிக் காடு தனியாருடைய குடும்பச் சொத்து. அவர்களும் லேசில் ஒப்ப மாட்டார்கள்.