மாடும் கயிறும்

அன்புள்ள ஐயா,

ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கல்லூரிக் காலத்திலிருந்து உங்கள் கதைகளைப் படித்து வருகிறேன். நானும் ஒரு நாவல் எழுதி முடித்திருக்கிறேன். ஒரு பதிப்பகம் வெளியிடச் சம்மதித்து இரண்டு பக்க ஒப்பந்தம் அனுப்பியிருக்கிறது. இதற்கிடையில், ஆங்கில எழுத்தாளர்களுக்கு இலக்கிய முகவர் என்று ஒருவர் இருப்பார் என்றும், சென்னைப் பன்னாட்டுப் புத்தகக் காட்சியை ஒட்டி இங்கேயும் முகவர்களுக்குப் பயிற்சி கொடுத்தார்கள் என்றும் படித்தேன். அந்த முகவர் தினமும் என்னதான் செய்வார்? எனக்கும் ஒருவர் வேண்டுமா? அல்லது நானே அந்த வேலைக்குப் போகலாமா? யோசித்துப் பார்த்தால் இது வெறும் தரகு வேலையாகவும் தெரிகிறது. இலக்கியத்துக்கு நடுவே தரகர் எதற்கு?

இன்னொன்று. நாவல் 180 பக்கம்தான் வருகிறது. இதை நாவல் என்பதா, குறுநாவல் என்பதா?

எம்., ஏற்காடு

அன்புள்ள எம்,

நாவலா குறுநாவலா என்பதை விடுங்கள். அட்டையில் என்ன போடுவது என்று பதிப்பாளர் பார்த்துக்கொள்வார். அதற்காக நீங்கள் தூக்கம் கெட வேண்டாம்.

'வெறும் தரகு வேலை' என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. போன மாதம்தான் என் தாய்மாமனுக்குக் கருமாதி முடிந்தது. எடப்பாடிப் பக்கத்துச் சந்தைகளில் நாற்பது வருடம் மாட்டுத் தரகு பார்த்தவர். போய்விட்டு வந்த நாளிலிருந்து இந்தச் சொல்தான் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது, நீங்களும் அதையே எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதனால்தான் உடனே பதில். இல்லாவிட்டால் உங்களுக்கு முன்னால் வந்த கடிதங்கள் மேஜையில் ஒரு கட்டு கிடக்கின்றன.

முதலில் கேட்டதற்குச் சொல்லிவிடுகிறேன். முகவர் என்றால் நாள் முழுக்க நாற்காலியில் சாய்ந்து கையெழுத்துப் பிரதி படிக்கிறவர் என்று நினைக்காதீர்கள். படிப்பதெல்லாம் ராத்திரியும் ஞாயிற்றுக்கிழமையும்தான். பகல் முழுக்க மின்னஞ்சல், தொலைபேசி, ஒப்பந்தம், பண வசூல். வந்து குவிகிற பிரதிகளில் மிகச் சிலவற்றைத்தான் எடுப்பார். எடுத்ததை எழுத்தாளரை இரண்டு மூன்று முறை திருத்த வைப்பார். எந்தப் பதிப்பகத்தில் எந்தப் பதிப்பாசிரியருக்கு இது பிடிக்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். ஒரே சமயத்தில் பல பேருக்கு அனுப்புவார். இரண்டு பேர் கேட்டால் ஏலம். சில சமயம் எல்லோரும் தங்கள் கடைசி விலையை ஒரே தடவையில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்பார், நம் சேலத்து ஜவ்வரிசிக் கூட்டுறவுச் சங்கமான சேகோசர்வில் நடக்கும் ரகசிய டெண்டர் மாதிரி. விலை படிந்த பிறகு எந்த மொழி, எந்த நாடு, எத்தனை வருடம், ஒலிநூல் யாருக்கு, சினிமா யாருக்கு என்று வரி வரியாக மல்லுக்கட்டுவார். ஆறு மாதத்துக்கொரு முறை வருகிற ராயல்டிக் கணக்கை, அதாவது விற்பனையில் எழுத்தாளருக்குச் சேர வேண்டிய பங்கின் கணக்கை, கூட்டிப் பார்ப்பார். கணக்கு வராவிட்டால் கேட்பார், மறுபடியும் கேட்பார். மார்ச் ஏப்ரல் வாக்கில் லண்டன், அக்டோபரில் ஃபிராங்க்ஃபர்ட் என்று புத்தகச் சந்தைகளுக்குப் போய், ஒரு மேஜையைப் பிடித்து உட்கார்ந்து, அரை மணிக்கு ஓர் ஆள் என்று காலையிலிருந்து சாயங்காலம் வரை பேசுவார். அதே கதையை அதே நாலு வாக்கியத்தில், இருபதாவது ஆளிடமும் அப்போதுதான் படித்து முடித்தவர் மாதிரி சொல்ல வேண்டும்.

கூலி, எழுத்தாளருக்கு வருகிற பணத்தில் பொதுவாக 15 சதவீதம். வெளிநாடு, மொழிபெயர்ப்பு என்றால் 20. புத்தகம் போணியாகாவிட்டால் ஒன்றும் கிடையாது. படித்துப் பார்ப்பதற்கே காசு கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பக்கம் போகாதீர்கள். அமெரிக்க முகவர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு அதைத் தடையே செய்திருக்கிறது.

உங்களுக்கு ஒருவர் கிடைப்பாரா? கணக்குப்பிள்ளைக்கு நான் கணக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. 250 ரூபாய்ப் புத்தகம் 500 பிரதி விற்றால், பத்து சதவீத ராயல்டி 12,500 ரூபாய். அதில் 15 சதவீதம் 1,875 ரூபாய். இந்தக் காசுக்காக யார் உங்களுக்காக ஒரு வருடம் தொண்டை கிழியப் பேசுவார்? தமிழில் முகவர்கள் பெருகாததற்குக் காரணம் இலக்கியத் தூய்மை அல்ல, இந்தக் கணக்குதான். இந்தியாவில் அந்தத் தொழிலில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தையும் மொழிபெயர்ப்பையும் நம்பி இருக்கிறார்கள். நீங்கள் சொல்கிற சென்னைப் பன்னாட்டுக் காட்சி 2023 ஜனவரியில் தொடங்கியது. மொழிபெயர்ப்புக்கு அரசு மானியம் கொடுக்கிறது, அதனால் வெளிமொழிக்காரர்கள் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். நல்ல விஷயம். நீங்களும் அந்த வேலைக்குப் போகலாம், கணக்குத் தெரிந்தவருக்குப் பாதி வேலை முன்பே தெரியும். தோட்டத்துச் சம்பளத்தை மட்டும் அவசரப்பட்டு விட்டுவிடாதீர்கள்.

சரி, தரகுக்கு வருகிறேன்.

இந்த இளக்காரம் நம்மூரில் மட்டும் இல்லை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஏ. பி. வாட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் லண்டனில் பத்து சதவீதத்துக்கு இந்தத் தொழிலைத் தொடங்கினார். அதற்கு எழுத்தாளர்களிடம் கிராக்கி கூடியபோது, வில்லியம் ஹைன்மன் என்ற பதிப்பாளர் இந்த இடைத்தரகர்களை ஒட்டுண்ணிகள் என்று எழுதினார். எழுதியது யார் என்று கவனியுங்கள். விற்கிறவர் அல்ல, வாங்குகிறவர். நீங்கள் விற்கிற பக்கம் நின்றுகொண்டு வாங்குகிறவருடைய வசவைக் கடன் வாங்கிப் பேசுகிறீர்கள்.

மாமா மாட்டின் வாயைப் பிளந்து பார்த்து நாலு பல், ஆறு பல், கடை சேர்ந்தது என்று வயது சொல்வதைச் சின்ன வயதில் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். சுழி பார்ப்பார். பத்தடி நடக்கவிட்டுப் பார்ப்பார். அப்புறம் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து வாங்குகிறவர் கையின் மேல் போடுவார். உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். மாமாவின் முகம் மட்டும் டீக்கடைப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும், இதற்கும் தனக்கும் சம்பந்தமில்லாத மாதிரி. பீடி நாற்றமும் மாட்டு மூத்திர வாடையும் அடிக்கும் அந்தத் துண்டு ஓயாமல் அசைந்துகொண்டே இருக்கும். மாட்டுக்காரர் இரண்டடி தள்ளி நின்று கயிற்றை முறுக்கிக்கொண்டிருப்பார். அவரை வாய் திறக்க விடமாட்டார் மாமா. ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"வளத்தவன் வாயில வெல வராது மாப்ளே. அவனுக்கு அது லட்சுமி. லட்சுமிக்கு எவன் வெல சொல்லுவான்? கேக்கறவன் மூஞ்சியப் பாத்துட்டுக் கொறச்சுச் சொல்லிருவான். அப்புறம் வூட்டுக்குப் போயி அழுவான்."

மாமா பெரிய யோக்கியர் என்று சொல்ல வரவில்லை. விற்கிறவர், வாங்குகிறவர் இரண்டு பேரிடமும் தரகு வாங்குவார். கிழட்டு மாட்டைக் குளிப்பாட்டி நிறுத்தின கதைகளும் உண்டு. முகவர் எழுத்தாளர் பங்கிலிருந்து மட்டும்தான் எடுப்பார். அந்த வகையில் என் மாமாவைவிட ஒரு படி மேல்தான்.

விலை படிந்து அச்சாரம் கைமாறியதும் ஒரு காரியம் நடக்கும். மாட்டுக்காரர் தன் கயிற்றை அவிழ்த்துக்கொள்வார். வாங்கினவர் கொண்டுவந்த புதுக்கயிற்றைக் கட்டி ஓட்டிக்கொண்டு போவார். எங்கள் வீட்டில் மாட்டை விற்றாலும் கயிற்றைக் கொடுப்பதில்லை. அதோடு வீட்டு யோகமும் போய்விடும் என்பார்கள்.

1997இல் என் முதல் நாவலுக்கு ஒப்பந்தம் வந்தது. பதிப்பாளர் பெயர் வேண்டாம். சேலம் பழைய பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் வைத்து, ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். படிக்கவில்லை. சந்தோஷம் ஒரு பக்கம். பெரிய மனுஷன் எதிரே உட்கார்ந்திருக்கும்போது பத்திரத்தை வரி வரியாகப் படித்தால் நம்மை அற்பன் என்று நினைத்துவிடுவாரோ என்ற கூச்சம் இன்னொரு பக்கம். மூன்று வருடம் கழித்துக் கேரளத்திலிருந்து ஒரு மொழிபெயர்ப்பாளர் கடிதம் எழுதினார், மலையாளத்தில் கொண்டுவர ஆசைப்பட்டார். நான் பதிப்பாளருக்கு மூன்று கடிதம் எழுதினேன். ஒன்றுக்கும் பதில் இல்லை. அந்த மனிதர் ஒன்றரை வருடம் பொறுத்திருந்தார். பிறகு வேறு யாருடைய நாவலையோ மொழிபெயர்க்கப் போய்விட்டார்.

அந்தப் பொங்கலுக்கு மாமா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து புலம்பினேன். அவருக்குப் படிக்கத் தெரியாது, கையெழுத்து மட்டும் போடுவார். "அந்தப் பத்திரத்தப் படி, கேப்போம்" என்றார். அப்போதுதான் நானே முதல் தடவை முழுதாகப் படித்தேன். இந்நூலின் சகல உரிமைகளையும், அனைத்து மொழிகளிலும், உலகம் முழுமைக்கும், காப்புரிமைக் காலம் முழுவதற்கும் என்று போய்க்கொண்டே இருந்தது.

"அது எத்தன வருசம்?"

"நான் உயிரோட இருக்கிற வரைக்கும். செத்ததுக்கப்புறம் இன்னொரு அறுபது வருஷம்."

மாமா எழுந்து போய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "கயித்தயும் குடுத்துட்டு வந்திருக்கியே மாப்ளே."

எம், இந்த இடத்தில் உங்களைக் கொஞ்சம் திட்டத்தான் போகிறேன். கடிதத்தில் முகவரைப் பற்றி நாலு கேள்வி கேட்டீர்கள், பக்க எண்ணிக்கையைப் பற்றி ஒன்று கேட்டீர்கள். கையில் இருக்கிற இரண்டு பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒரு வரி கூட இல்லை. உங்கள் தோட்டத்தில் எடைச் சீட்டு இல்லாமல் ஒரு மூட்டை காப்பியைக் கேட்டைத் தாண்ட விடுவீர்களா? எத்தனை வருடம் உட்கார்ந்து எழுதினீர்களோ, அதை மட்டும் எடை போடாமல் தூக்கிக் கொடுக்கலாமா?

1957ஆம் வருடத்துக் காப்புரிமைச் சட்டத்தில் 19ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இன்றைக்கே எடுத்துப் படியுங்கள், ஒரு பக்கம்தான் வரும். உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில் இருக்க வேண்டும், கையெழுத்து வேண்டும். எந்தப் படைப்பு, எந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த எல்லைக்குள், ராயல்டி எவ்வளவு என்று சொல்லியிருக்க வேண்டும். காலம் எழுதாமல் விட்டால் ஐந்து வருடம் என்று சட்டமே எடுத்துக்கொள்கிறது. எல்லை எழுதாமல் விட்டால் இந்தியாவுக்குள் மட்டும். இதை இரண்டு தடவை படியுங்கள். என் பத்திரத்தில் காலத்தைப் பற்றி ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தால் ஐந்தே வருடத்தில் நாவல் வீடு வந்து சேர்ந்திருக்கும். எழுதியிருந்ததால், நான் அதன் கீழே கையெழுத்துப் போட்டதால், சட்டம் கையைக் கட்டிக்கொண்டது. இன்னொன்றும் உண்டு, 19(4) என்ற உட்பிரிவு. எழுதி வாங்கின உரிமையை ஒரு வருடத்துக்குள் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதி ஆகிவிடும், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய. என் பத்திரத்தின் கடைசி வரி '19(4) இதற்குப் பொருந்தாது' என்று இருந்தது. டீக்கடையில் அதை ஏதோ ரசீது எண் என்று நினைத்தேன். உங்கள் இரண்டு பக்கத்திலும் அந்த 19(4) எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். அப்புறம் 'அனைத்து மொழிகள்' இருக்கிறதா என்று தேடுங்கள். அப்புறம் வருடம்.

மாமா விடவில்லை. அடுத்த வாரமே என்னை இழுத்துக்கொண்டு அந்தப் பதிப்பாளர் ஊருக்கு பஸ் ஏறினார். வெள்ளை வேட்டி, அதே துண்டு. "தம்பி எழுதறவரு, பேச்சு வராது. நாந்தான் பேசறேன்" என்று ஆரம்பித்தார். "தமிழ நீங்களே வச்சுக்கங்க. மத்த மொழிய எழுதிக் குடுத்துருங்க. நீங்களும் அந்தக் காட்டுல ஏர் ஓட்டல, அவரையும் ஓட்ட விடல." பதிப்பாளர் சிரித்தார். கொஞ்ச நேரம் ஊர்க்கதை பேசினார். பிறகு, மூன்று வருட ராயல்டி பாக்கியை விட்டுக்கொடுத்தால் யோசிக்கலாம் என்றார். நான் சரி என்று சொல்ல வாயைத் திறந்தேன். மேஜைக்குக் கீழே மாமா என் விரல்களைப் பிடித்து ஓர் அழுத்து அழுத்தினார். நான் வாயை மூடிக்கொண்டு ஜன்னல் வழியே தெருவைப் பார்த்தேன். ஒரு மணி நேரம் கழித்துப் பாதிப் பாக்கி பணமாகவும், மொழிபெயர்ப்பு உரிமை லெட்டர்பேடில் ஒரு கடிதமாகவும் கைக்கு வந்தது.

வெளியே வந்ததும் மாமா கையை நீட்டினார். பத்து ரூபாய் கேட்டார். "சும்மா பேசுனா அது சொந்தக்காரன் பேச்சு. தரகு குடுத்துரு" என்றார். கொடுத்தேன். அதில் எனக்கும் ஒரு டீ வாங்கிக் கொடுத்தார்.

அந்த மலையாள மொழிபெயர்ப்பாளர் திரும்பி வரவில்லை. அந்த நாவல் இன்றுவரை மலையாளத்தில் வரவும் இல்லை.

ஒப்பந்தத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள், இரண்டு பக்கமும், பின்பக்கம் ஏதாவது அச்சாகியிருந்தால் அதையும். அதுவரை கையெழுத்துப் போடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் நேரில் வந்தாலும் சரி, மலையிலிருந்து இறங்கினால் வீடு பக்கம்தான். உட்கார்ந்து வரி வரியாகப் படிக்கலாம். காப்பித்தூள் கொண்டுவர வேண்டாம், டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். உங்கள் தோட்டத்துச் சவுக்குமரத்திலோ பலாமரத்திலோ மிளகுக் கொடி ஏறியிருக்கும், அதில் கால் கிலோ கொண்டுவாருங்கள். தரகு வாங்காமல் நானும் பேசுவதாக இல்லை.