18446744073709551615: கடலூர்க்காரர்கள் கேட்டவை

சதுரங்கப் பலகையில் முதல் கட்டத்தில் 1 நெல், அடுத்ததில் 2, பிறகு 4 என்று இரட்டித்துக்கொண்டே போனால் 64 கட்டங்களுக்கும் சேர்த்து வரும் தொகை இது: 2⁶⁴−1. நம் வழக்கில் சொன்னால் ஏறக்குறைய 1 லட்சத்து 84 ஆயிரம் கோடி கோடி.

திருப்பாதிரிப்புலியூர், பிளஸ் ஒன் மாணவர்: எக்செல்லில் =2^64-1 போட்டால் 18446744073709600000 என்று வருகிறது, சார். எது சரி?

எக்செல் காட்டுவதை நம்பாதே தம்பி. 15 இலக்கத்துக்கு மேல் அது பூஜ்யம் போட்டு நிரப்பிவிடும். உள்ளேயும் 53 பிட் (இரும இலக்க) துல்லியம்தான். நீ 1 கழித்ததே அதில் பதிவாகாது. 2-இன் அடுக்குகளின் கடைசி இலக்கம் 2, 4, 8, 6 என்று சுழலும். 64 நான்கால் வகுபடுவதால் 2⁶⁴ முடிவது 6-இல்; 1 போனால் 5. பைத்தான் நிரல்மொழியில் 2**64-1 கொடு, முழுசாக வரும்.

நெல்லிக்குப்பம், டியூஷன் ஆசிரியை: காரணிப்படுத்த 3, 7, 11 என்று வகுத்துப் பார்க்கச் சொல்லலாமா?

வேண்டாம் மேடம், பிள்ளைகள் நொந்துபோவார்கள். a²−b² சூத்திரம் போதும். 2⁶⁴−1 = (2³²+1)(2³²−1). பின்னதை மறுபடி அப்படியே உடையுங்கள், அதில் வருவதையும். கடைசியில் நிற்பது 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297. முதல் ஐந்தும் பகா எண்கள். ஆறாவதான 2³²+1-இல்தான் வம்பு. அதுவும் பகா எண் என்றே கணிதவியலாளர் ஃபெர்மா நினைத்தார். 1732-இல் ஆய்லர் அதை 641 × 6700417 என்று உடைத்துவிட்டார்.

மஞ்சக்குப்பம், கல்லூரி மாணவி: 641-ஐக் கால்குலேட்டர் இல்லாமல் சரிபார்க்க முடியுமா?

ஒரு துண்டுத்தாள் போதும். 2³²+1-இன் பகாக் காரணி எதுவானாலும் 64-இன் மடங்கைவிட 1 கூடுதலாகத்தான் இருக்கும். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641. முதல் நான்கும் மீதி வைக்கும், அடுத்ததே 641.

2¹⁶ = 65536. அதில் 641 × 102 = 65382 போக மீதி 154. இனி பெரிய எண் தேவையே இல்லை, மீதியை மட்டும் வர்க்கப்படுத்தினால் போதும்: 154² = 23716. அதில் 641 × 36 = 23076 போக 640. ஆக 2³² விடும் மீதி 640. 1 கூட்டினால் 641, சரியாக வகுபட்டுவிடும். பலரும் சறுக்குவது நடுவில்தான்: 2¹⁶-இலிருந்து 2³²-க்குப் போக 154-ஐ இரட்டிப்பார்கள். அடுக்கு இரட்டித்தால் மீதி வர்க்கமாகும்.

லாஸ்பேட்டை, புதுச்சேரி: 2⁶⁴−1 பக்கமுள்ள ஒழுங்கு பலகோணத்தைக் கவராயமும் அளவுகோலும் கொண்டு வரைய முடியுமா?

முடியாது, காகிதம் போதாததால் அல்ல. பக்க எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருந்தால் அதன் பகாக் காரணிகள் எல்லாமே வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களாக, அதாவது 2-இன் அடுக்கோடு 1 கூட்டினால் வரும் பகா எண்களாக, இருக்கவேண்டும். 641 அந்த வகை இல்லை. 17 பக்கம் முடியும் என்று 1796-இல் கணிதவியலாளர் காஸ் கண்டார். 3, 5, 17, 257, 65537 ஐந்தையும் பெருக்கினால் வரும் 4294967295 பக்கமும், கொள்கையளவில், முடியும்.

கடலூர் முதுநகர்: 2⁶⁴−1-க்கு மொத்தம் எத்தனை வகுத்திகள்?

128. வெவ்வேறு பகாக் காரணிகள் ஏழு, ஒவ்வொன்றும் ஒரே தடவை. ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம், ஆகவே 2⁷. 1-உம் அந்த எண்ணும் இதிலேயே அடக்கம்.